செருப்பு ஏன் கடிக்கிறது? கடைக்கு வரும் பெண்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் அப்பா போட்ட செருப்புக் கடை எங்களுடையது. 22 வருஷமாகக் கல்லாவிலும் முக்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறேன். முக்காலியில் உட்கார்ந்துதான் வருகிறவர்களுக்குச் செருப்பு மாட்டிவிடுவோம். அங்கிருந்து பார்த்தால் ஆள் முகத்துக்கு முன்னால் கால்தான் தெரியும். ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வந்ததால் பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். பதிலில் பாதி படித்துத் தெரிந்தது, பாதி கடையில் பார்த்தது. நான் டாக்டர் இல்லை.

புதுச் செருப்பு மட்டும் ஏன்க்கா கடிக்குது?

கடிபடும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். குதிகாலுக்கு மேலே பின்பக்கம், கட்டைவிரல் இடுக்கு, சுண்டுவிரல் ஓரம். மூன்று இடத்திலும் தோல் மெலிசு, உள்ளே எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். வாரின் வெட்டு ஓரம் மழுங்கும்வரை ஒவ்வொரு எட்டுக்கும் அங்கேதான் உரசும். வேர்வையில் ஊறிய தோல் என்றால் சீக்கிரமே கொப்புளம். தோல் செருப்பு பத்து நாளில் உங்கள் காலுக்கு இளகிக் கொடுக்கும். ரெக்சின் இளகாது, அப்படியே இருந்துவிட்டு ஒருநாள் உரிந்து போகும்.

வாரின் உள் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவி ராத்திரி முழுக்க வையுங்கள், அல்லது மெழுகுவத்தியை நன்றாகத் தேயுங்கள். ஒரு வாரம் வீட்டுக்குள் அரைமணி நேரம் போட்டு நடங்கள். புதுச் செருப்பை முதன்முதலாக அழகர் எதிர்சேவைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வருஷா வருஷம் யாராவது போகிறார்கள், மறுநாள் என்னிடம் வந்து சண்டை போடுகிறார்கள்.

இது நேற்று வந்த தொல்லையும் இல்லை. சங்கப் பாட்டு ஒன்றில் வரும் இடையனின் காலில் செருப்பு போட்டுப் போட்டுத் தழும்பு ஆழமாகப் பதிந்திருக்கும்.

அந்தக் காலத்துல நம்ம பொம்பளைங்க செருப்பே போடலையாமே?

செருப்புக்கு நம்மிடம் பழைய பெயர்கள் உண்டு. தொடுதோல் என்பார்கள், அடிபுதை அரணம் என்பார்கள், அதாவது பாதத்தை மூடும் காப்பு. இந்தச் சொற்கள் வரும் இடத்தில் காலில் போட்டிருப்பவர்கள் வழிநடக்கும் வணிகர், மறவர், மேலே சொன்ன இடையன். பெண்ணின் காலைப் பாடும்போது சிலம்பையும் செம்பஞ்சுக் குழம்பையும்தான் பாடினார்கள்.

செக்கானூரணிப் பக்கம் என் அப்பத்தா கடைசிவரை வெறுங்காலோடுதான் இருந்தாள். அப்பா கடை போட்ட பிறகு ஒரு ஜோடி கொண்டுபோய்க் கொடுத்தார். அதை உறியில் தொங்கவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் எடுத்தாள். மாமனார் முன்னால் போடக்கூடாது, வயலில் போடக்கூடாது, பெரியவர்கள் திண்ணையில் இருந்தால் கையில் எடுத்துக்கொண்டு தாண்ட வேண்டும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே சில தெருக்களுக்குள் நுழையும்போது தலித் மக்கள், ஆணோ பெண்ணோ, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்டார்கள். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பொது இடத்தில் செருப்பு அணிவதைத் தடுப்பதையே பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. எந்தச் செருப்பு அழகு என்று மற்ற ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, இங்கே முதல் கேள்வி யார் செருப்பு போடலாம் என்பதுதான்.

ஹை ஹீல்ஸ் பொம்பளைங்களுக்குன்னே கண்டுபிடிச்சதா?

கண்டுபிடித்தது குதிரைக்காரன். பாரசீகத்தில் வீரர்கள் குதிரை மேல் எழுந்து நின்று அம்பு விடுவார்கள். கால் அங்கவடியிலிருந்து நழுவாமல் இருக்க, ஹீல் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். அதற்காக வந்ததுதான் உயர்ந்த குதி. 1599-ல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பாவுக்குத் தூதுக்குழு அனுப்பினார். பாரசீக மோகம் பிடித்துக்கொள்ள, அங்கிருந்த பிரபுக்கள், ஆண்கள்தான், அந்தக் குதியைத் தங்கள் ஷூவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

குதிரையில் ஏறாத நேரத்திலும் அதைப் போட்டுக்கொண்டு திரிந்ததில்தான் கதையே இருக்கிறது. ஹீல்ஸ் போட்டு வயலில் இறங்க முடியாது, மூட்டை தூக்க முடியாது. ‘எனக்கு நடக்கவேண்டிய அவசியம் இல்லை’ என்று காலாலேயே சொல்வது அது. பிரான்சின் 14ஆம் லூயி சிவப்புக் குதி வைத்த ஷூ போட்டார். அவருடைய அரசவையில் சிவப்புக் குதி அந்தஸ்தின் அடையாளம். 1701-ல் வரைந்த அவருடைய பெரிய ஓவியத்தில் வெள்ளைக் காலுறையும் சிவப்புக் குதியும் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் எப்ப அதை நம்ம தலையில கட்டினாங்க?

தலையில் இல்லை, காலில். 17ஆம் நூற்றாண்டில் பெண்களும் ஆண்களைப் பார்த்து ஹீல்ஸ் போட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவுக்குள் ஆண்கள் இது புத்திசாலிகளுக்கு ஆகாது என்று கழற்றிவிட்டார்கள், பெண்களிடம் அது தங்கிவிட்டது. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் பிரபுத்துவ வாடையே வேண்டாமென்று பெண்கள் ஷூவும் கொஞ்ச காலம் தட்டையானது. 1800-ஐ ஒட்டிய படங்களில் சீமாட்டிகள் நடனக்காரிகள் போல மெல்லிய தட்டைச் செருப்புடன் இருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குதி திரும்பி வந்தது.

குதி வருவதற்கு முன்னாலேயே வெனிஸ் நகரத்தில் ‘ஷோப்பின்’ என்று ஒன்று இருந்தது. மரத்திலோ தக்கையிலோ செய்த பீடம், அதன்மேல் செருப்பு. சிலது அரை மீட்டர் உயரம், நம் வீட்டு முக்காலி உயரம்! இரண்டு பக்கமும் பணிப்பெண் தாங்கிப் பிடித்தால்தான் நடை. உயரம் கூடக் கூடப் பாவாடைத் துணி கூடும், துணி கூடினால் பணம் தெரியும். நம்மூரில் ஜரிகைக் கரையின் அகலத்தைப் பார்த்து எடைபோடுவார்களே, அதே கணக்கு.

ஊசி மாதிரி ஹீல் எப்படி ஒடியாம நிக்குது?

உள்ளே எஃகுக் கம்பி இருக்கிறது. மரத்தை அந்த அளவுக்குச் சீவினால் முறிந்துவிடும். 1950-களில் பிளாஸ்டிக் குதிக்குள் எஃகுத் தண்டைச் செருகும் வித்தை கைவந்ததும் பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்டிலெட்டோ பிறந்தது. டியோருக்குச் செய்து கொடுத்த ரோஜே விவியே இதில் பெரிய பெயர். ஸ்டிலெட்டோ என்றால் இத்தாலிய மொழியில் சின்னக் குத்துவாள்.

குத்தவும் செய்யும். 60 கிலோ எடையுள்ள பெண் நடக்கும்போது ஒரு கணம் மொத்த எடையும் ஒரு குதியில் இறங்கும். குதியின் நுனி ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் அந்த இடத்தில் 60 கிலோ. கோயில் யானை 4,000 கிலோ இருந்தாலும், ஒவ்வொரு பாதமும் ஏறக்குறைய ஆயிரம் சதுர சென்டிமீட்டர். நாலு காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். அந்தக் காலத்தில் மரத்தரை போட்ட மியூசியங்கள் இந்தச் செருப்பைத் தடை செய்ததற்குக் காரணம் இதுதான்.

என் கல்யாண ரிசப்ஷனில் நானே இதை அனுபவித்தேன். மேடை பலகையால் ஆனது, மேலே சிவப்புக் கம்பளம். பலகை இடுக்கில் குதி சரியாகப் போய் உட்கார்ந்துகொண்டது. போட்டோகிராபர் ‘இன்னும் கொஞ்சம் பக்கத்துல வாங்க’ என்கிறார், காலை எடுத்தால் செருப்பு வரவில்லை. கடைசியில் சேலைக்குள் ஒரு கால் வெறுங்கால், மறுகால் நாலு இஞ்ச் உயரத்தில். ஆல்பத்தில் நான் சாய்ந்து நிற்பதை வெட்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்ஜஸும் அதே ஜாதிதானா?

அது பஞ்சத்தில் பிறந்தது. 1930-களில் இத்தாலி எத்தியோப்பியா மேல் படையெடுத்ததால் பொருளாதாரத் தடை வந்தது, ஷூவுக்கு வேண்டிய நல்ல எஃகு கிடைக்கவில்லை. சால்வடோர் ஃபெர்ரகாமோ தக்கையை அடுக்கி, குதிக்கும் பாதத்துக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தையே நிரப்பிவிட்டார். உயரம் ஒன்றானாலும் ஊசி ஹீலைவிட இது ஆடாது.

இடது வலது இல்லாம ஷூ இருந்துச்சுன்னு சொல்றாங்களே, நிசமா?

நிசம். ஐரோப்பாவில் ஏறக்குறைய 1600-லிருந்து 1800-களின் தொடக்கம்வரை பெரும்பாலான ஷூ நேர்க்கட்டை, இரண்டு காலுக்கும் ஒரே வடிவம். ஷூவை ஒரு மரக்கட்டை அச்சின் மேல் இழுத்துத்தான் தைப்பார்கள். ஹீல் வந்த பிறகு ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு குதி உயரத்துக்கும் தனிக்கட்டை வேண்டியதாயிற்று. இடது வலது என்று அதை இரட்டிப்பாக்க ஆசாரிக்குக் கட்டுபடியாகவில்லை. போடுகிறவள் காலே ஷூவைத் தன் பக்கத்துக்கு வளைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். முதல் கேள்வியில் சொன்ன ‘பழகுவது’ அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சீனாவுல காலையே கட்டிப் போட்டாங்களாமே, செருப்புக்காகவா?

செருப்புக்காக இல்லை, ஆனால் அதற்குத் தகுந்த செருப்பும் செய்தார்கள். 10ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிய வழக்கம். நாலைந்து வயதுக் குழந்தையின் சின்ன விரல்கள் நாலையும் உள்ளங்காலுக்கு மடக்கித் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். அவ்வப்போது அவிழ்த்துக் கழுவி, மறுபடி இறுக்கிக் கட்டுவார்கள், பல வருஷம் இப்படியே. எலும்பு அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். மூன்று அங்குலப் பாதம்தான் உச்சபட்ச அழகு, அதற்குப் ‘பொற்றாமரை’ என்று பெயர். பொற்றாமரை என்ற சொல்லைக் கேட்டால் குளத்துப் படியில் உட்கார்ந்து கோபுரம் பார்க்கிற நமக்கு இதை ஜீரணிப்பது கஷ்டம்.

1912-ல் சீனக் குடியரசு இதைத் தடை செய்தது. நாட்டின் உட்பகுதிகளில் அதன்பிறகும் சில காலம் நடந்தது. அந்நாட்டை ஆண்ட மஞ்சு இனப் பெண்கள் கால் கட்டவில்லை. ஆனால் அந்தத் தள்ளாடும் நடை வேண்டியிருந்ததோ என்னவோ, உள்ளங்கால் நடுவில் மட்டும் பூந்தொட்டி போல மரக்கட்டை வைத்த உயரச் செருப்பைப் போட்டார்கள்.

கூர்மூக்கு கட் ஷூ போட்டா கட்டைவிரல் கோணிக்குமா?

கோணும். கட்டைவிரல் உள்பக்கமாகச் சாய, அதன் அடி எலும்பு வெளியே புடைக்கும். பனியன் என்பது அதைத்தான், உடுத்துகிற பனியன் இல்லை. குடும்பவாகும் உண்டு, அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வரலாம். ஆனால் ஷூவுக்குப் பங்கு உண்டு என்பதற்கு நல்ல சாட்சி செத்தவர்களிடம் கிடைத்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோண்டியெடுத்த 177 எலும்புக்கூடுகளை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 13ஆம் நூற்றாண்டுவரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு இந்தக் கோணல். 14, 15ஆம் நூற்றாண்டுக்காரர்களில் 27 சதவீதம். இடையில் வந்தது நீண்ட கூர்மூக்கு ஷூ. மூக்கு அவ்வளவு நீண்டதால், 1463-ல் இங்கிலாந்து அரசாங்கம் பிரபுக்களுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இரண்டு அங்குலத்துக்கு மேல் மூக்கு வைக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. அதைப் போட்டு விரல் கோணிப்போனவர்களில் ஆண்களும் உண்டு.

நம்மூரில் கூடுதலாக ஒரு சிக்கல்: மெட்டி. கல்யாணமாகி ஆபீசுக்குப் போகும் பெண் கட் ஷூ கேட்டால் நான் முதலில் மெட்டியைப் பார்ப்பேன். இரண்டாம் விரல் வெள்ளி வளையத்தைக் கூர்மூக்கு ஷூ பக்கத்து விரலோடு சேர்த்து நெருக்கும். சாயங்காலம் கழற்றும்போது மூன்றாம் விரலில் மெட்டியின் முத்து அச்சடித்த மாதிரி குழி விழுந்திருக்கும். மெட்டி போடுகிறவர்கள் அகல மூக்கு வாங்குங்கள், அல்லது முன்பக்கம் திறந்தது.

நான் போடுறது கட்டை ஹீல்தான், அது பரவாயில்லைல?

விழ மாட்டீர்கள். ஊசி ஹீலோடு ஒப்பிட்டால் கணுக்கால் பிரளும் பயம் குறைவு. மூட்டு விஷயம் வேறு. 1998-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், இரண்டரை இஞ்ச் அளவில் ஹீல்ஸ் போட்டு நடக்கும்போது முழங்காலில் விழும் முறுக்கு விசை வெறுங்காலைவிட 23 சதவீதம் கூடுவதாக அளந்தார்கள். பிறகு அகல ஹீலையும் அளந்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவுதான் கூடியது. முழங்கால் பார்ப்பது உயரத்தை.

ஹீல்ஸை விட்டுட்டு பிளாட்டுக்கு மாறினேன், இப்பத்தான்க்கா வலியே வருது!

இதைக் கேட்டுவிட்டு ‘அப்ப ஹீல்ஸ்தான் எனக்கு ஒத்துக்குது’ என்று திரும்பிப் போகிறார்கள். வருஷக்கணக்காகக் குதி தூக்கியே நடந்தால் கெண்டைக்கால் தசை அந்த அளவுக்குச் சுருங்கிப் பழகிவிடும். 2010-ல் வெளியான மான்செஸ்டர் ஆய்வில், வழக்கமாக 5 சென்டிமீட்டருக்கு மேல் ஹீல்ஸ் போட்டவர்களின் கெண்டைக்கால் தசை இழைகள் 13 சதவீதம் குட்டையாக இருந்தன, குதிகால் தசைநாண் தடித்து விறைத்திருந்தது. திடீரென்று தட்டைச் செருப்பு போட்டால் அது இழுபடும், வலிக்கும். மூன்று இஞ்சிலிருந்து இரண்டு, பிறகு ஒன்று என்று மாதக்கணக்கில் இறங்குங்கள்.

அப்ப பிளாட்தான் பாதுகாப்பு, அப்படித்தானே?

காகிதம் போன்ற அடி வைத்த பிளாட் இல்லை. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் எட்டு வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவது போல இருக்கிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் காலில் அதைத்தான் பார்க்கிறேன். அடி கொஞ்சம் தடிப்பாக, குதி அரை இஞ்ச், ஒரு இஞ்ச் தூக்கி, பின்வார் இருந்தால் போதும். இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள்: விரல் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள்.

ஒரு கடையில 6-ம் நம்பர், இன்னொண்ணுல 7. என் கால் வளருதா?

பிரசவத்துக்குப் பிறகு என்றால் வளர்ந்திருக்கலாம், சிலருக்குப் பாதத்தின் வளைவு இறங்கி அரை நம்பர் கூடிவிடும். மற்றபடி நம்பர்தான் குழப்பம். நாம் பயன்படுத்தும் இங்கிலீஷ் நம்பருக்கு அளவுகோல் வாற்கோதுமை மணி. ஒரு மணி நீளம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.5 மில்லிமீட்டர், அதுதான் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம். ஐரோப்பிய 38, 39 எல்லாம் 6.7 மில்லிமீட்டருக்கு ஒன்று. இரண்டும் நேராகப் பொருந்தாது, தயாரிப்பவர் ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிடுகிறார்.

நீளம் சரியாக இருந்தும் பிடிப்பது அகலத்தால். சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் காலை அளந்தது. நம் கால் ஐரோப்பிய, அமெரிக்கக் காலைவிட அகலம் என்று வந்தது. அதை வைத்து ‘பா’ என்ற பெயரில் நமக்கென்று ஓர் அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அது கடைக்கு வரும்வரை சாயங்காலமாக வந்து வாங்குங்கள், பகலெல்லாம் நின்று நடந்த கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். இரண்டு காலுக்கும் போட்டுப் பார்த்துப் பெரிய காலுக்கு எடுங்கள்.

மாப்பிள்ளை ரொம்ப உசரம். ரிசப்ஷனுக்கு நாலு இஞ்ச் போட்டே ஆகணுமா மதினி?

மணவறையில் செருப்பே கிடையாது, அங்கே யாரும் உயரம் பார்ப்பதில்லை. ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் நிற்கத்தான் போகிறீர்கள், நடப்பது குறைவு. என் பலகை மேடைக் கதை மேலே இருக்கிறது. வெட்ஜஸ் எடுங்கள், முன்பக்கமும் ஒரு இஞ்ச் தூக்கியதாக. மூன்று இஞ்ச் உயரத்தில் கால் உணர்வது இரண்டுதான். செருப்பைப் போட்டுக்கொண்டு நின்ற பிறகு கொசுவம் வையுங்கள். வெறுங்காலில் சேலை கட்டிவிட்டுப் பிறகு ஹீல்ஸ் மாட்டினால் கணுக்கால் தெரியும், அப்புறம் மண்டபத்தில் யாராவது சேஃப்டி பின் தேடி ஓட வேண்டும்.

வேலை பார்க்கிற இடத்துல ஹீல்ஸ் போடச் சொன்னா?

மற்ற நாடுகளில் பெண்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். ஜப்பானில் 2019-ல் யூமி இஷிகாவா தொடங்கிய இயக்கத்தின் பெயர் ‘குட்டூ’. ஜப்பான் மொழியில் குட்ஸு என்றால் ஷூ, குட்ஸூ என்றால் வலி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் பிலிப்பைன்ஸும் 2017-லேயே கட்டாய ஹீல்ஸைத் தடுத்தன. அதற்கு முன், 1980 ஏப்ரலில் நியூயார்க்கில் பஸ், ரயில் வேலைநிறுத்தம் நடந்தபோது பெண்கள் கேன்வாஸ் ஷூ போட்டு ஆபீசுக்கு நடந்தார்கள், ஹீல்ஸ் பையில் போனது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஹவாயிலிருந்து கட் ஷூவுக்கு மாறும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அந்த ஞாபகம் வரும்.

நம்மூரில் பெரிய தொல்லை ஹீல்ஸ் இல்லை, நிற்பது. மாசி வீதி, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் பத்து மணி நேரத்துக்கு மேல் நிற்கிறார்கள். 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். கேட்க உரிமை உண்டு. ராத்திரி ஒன்பதரைக்கு என் கடைக்கு வருகிறவர்களின் கணுக்காலில் காலுறை ரப்பர் பதிந்த கோடு அரை விரற்கடை ஆழம் இருக்கும்.

சுகர் இருக்கு, கோயில்ல வெறுங்காலா நடக்கலாமா?

பாதத்தில் மதமதப்பு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சூடு உறைக்காது, கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். போவதென்றால் வெயில் ஏறுமுன் போங்கள், விரிப்பு போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள், வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடி வைத்தது, போடுங்கள். கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் சனி விட்டது என்பார்கள், எம்.சி.ஆர். செருப்பை மட்டும் சனிக்குக் கொடுத்துவிடாதீர்கள், டோக்கன் வாங்கி வையுங்கள்.

இவ்வளவு சொல்றீங்க, அப்புறம் நீங்களே ஏன் ஹீல்ஸ் விக்கிறீங்க?

கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, அவள் அம்மா பக்கத்தில் நெளிந்தார். கேட்கிறார்கள், விற்கிறேன். வாடகை கொடுக்க வேண்டும். அது மட்டும் இல்லை, கண்ணாடி முன்னால் ஹீல்ஸ் மாட்டி நிமிர்ந்து நிற்கும்போது சில முகங்களில் வரும் சந்தோஷத்தை முக்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்பத்தா உறியில் மாட்டி வைத்த செருப்பைத் தொட்டுப் பார்ப்பாளே, அந்த முகம். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஒன்று மட்டும் செய்கிறேன். கடைக்குள் கம்பளம் விரித்திருக்கிறது, கம்பளத்தில் எல்லாச் செருப்பும் சுகம்தான். அதனால் ஹீல்ஸ் எடுக்கிறவர்களை அப்படியே வாசலுக்குக் கூட்டிப்போய், சந்துமுனை ஜிகர்தண்டா கடைவரை நடந்துவிட்டு வரச் சொல்வேன். குண்டும் குழியுமான சிமெண்டுத் தரை, நடுவில் ஒரு சாக்கடை மூடி. அந்தப் பிள்ளை போய்விட்டுத் திரும்பி வந்து, மூன்று இஞ்சை வைத்துவிட்டு ஒன்றரை இஞ்ச் இருக்கிறதா என்று கேட்டாள். அவள் அம்மாதான் மூன்று இஞ்சை எடுத்துப் பார்த்து, ‘எனக்கு 5-ம் நம்பர் இருக்கா?’ என்றார்.